அடைப்புக்குறிக்குள் ஓர் இகுவானா

பர்பேங்க் நகரில், டயர்க் கடையின் மாடியில்,
முட்டை அட்டை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே நின்று
பச்சை இகுவானா ஒன்றுக்குக் குரல் கொடுத்தார்
ஃபெர்மின் ஒலாகே.
கார்ட்டூனில் அதன் பெயர் கேப்டன் இகுவானோ.

"ஆணானாலும் அது இகுவானாதான்"
என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தார்.
வசனம் எழுதும் லிண்ட்க்விஸ்ட் காப்பியை உறிஞ்சினார்:
"கடைசியில் ஓ வந்தால்தான் சிரிப்பு வரும்."

வந்தது.
நோ பிராப்ளமோ. எல் சீப்போ. எல் டிரக்கோ.
ஃபிரிட்ஜுக்கு எல் ஃபிரிட்ஜோ.
பத்துக் கல் எறிந்ததில் ஒன்று மாங்காயில் பட்டது:
எல் பாங்கோ.
ஸ்பானிஷில் வங்கிக்கு நிஜமாகவே அதுதான் சொல்.
லிண்ட்க்விஸ்டுக்கு அது தெரியாது.

நம் இலக்கணத்தில் ஓகாரம் ஐயத்துக்கு வரும்.
பிரச்சினையோ என்றால்
இருக்குமோ இருக்காதோ என்று பொருள்.
ஃபெர்மினுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் ஒவ்வொரு ஓவையும்
கொஞ்சம் சந்தேகத்தோடுதான் உச்சரித்தார்.

சம்பளம் வெள்ளிக்கிழமை வந்தது,
கார் திங்கட்கிழமை நின்றுபோனது.
அந்த வாரத் தாளில் வசனம் இல்லை, ஒரு குறிப்புதான்:
ஸ்பானிஷில் கோபமாக ஏதாவது. நான்கு விநாடி.

ஏதாவது!
ஃபெர்மின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு
சட்டைப்பையிலிருந்து மெக்கானிக் பில்லை எடுத்து
அப்படியே வாசித்தார்:
கார்புரேட்டர் நூற்று நாற்பது! பெல்ட் முப்பத்திரண்டு!
கூலி தனியா, திருட்டுப் பயலே, கூலி தனியா!

சனிக்கிழமை காலை எட்டரை மணி.
இகுவானோ தலையில் பியானோ விழுந்ததும்
நாடு முழுக்கப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
ஆக்ஸ்னார்டில் சில வீடுகளில் மட்டும்
நான்கு விநாடி முன்னதாகவே சிரித்தார்கள்.
அடுப்படியிலிருந்து ஓர் அப்பா கரண்டியோடு ஓடிவந்தார்:
"நூற்று நாற்பதா? எந்தக் கடையில்?"

அப்புறம் வாராவாரம்.
மேல்வீட்டுக்காரனின் டிரம்பெட். கடைவாய்ப் பல்.
ஒருமுறை,
இதை எழுதியவன் பள்ளியில் ஸ்பானிஷ் ஃபெயில்!
லிண்ட்க்விஸ்ட் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்.

வேறொரு கட்டடத்தில், இரவு ஷிப்டில்,
காது கேளாதவர்களுக்காகத்
திரையின் அடியில் எழுத்து ஓட்டும் ஒடிலியா பர்ராசா
ஹெட்போனுக்குள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு
விதிப்படி தட்டினாள்:
[ஸ்பானிஷில் கத்துகிறது]

நாற்பது பகுதிகள் அப்படித்தான்.
நாற்பத்தொன்றில் மேற்பார்வையாளர் பர்கர் வாங்கப் போயிருந்தார்.
அடைப்புக்குறியை அழித்தாள்.
அவர் சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் போட்டாள்:
எலுமிச்சை மூன்று! கொத்தமல்லி ஒரு கட்டு!
சோப்பு! இந்தமுறையாவது மறக்காதே, மூதேவி!

மூன்று வாரம் கழித்து
பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ஸ்டுடியோவுக்கு
பென்சிலில் எழுதிய கடிதம்.
அன்புள்ள கேப்டன், எனக்குக் காது கேட்காது.
கோபம் வந்தால் நீ அடைப்புக்குறி ஆகிவிடுவாய்
என்று நினைத்திருந்தேன்.
சோப்பு வாங்கினாயா?
டெல்ஃபினா ஸ்டோக்ஸ், வயது ஒன்பதரை.

"எந்தச் சோப்பு?" என்றார் லிண்ட்க்விஸ்ட்.
ஃபெர்மின் கடிதத்தை நான்காய் மடித்து
இன்னும் கட்டாத பில்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்றைய காட்சியில் ஒரு பூதம் பாலத்தை உடைக்கிறது.
கோபமாக. நான்கு விநாடி.
மேசையைத் தட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்:
வாங்கிவிட்டேன், டெல்ஃபினா!
இரண்டு கட்டி! நீலக் கலர்!
கொத்தமல்லியைத்தான் மறந்துவிட்டேன்!

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் லிண்ட்க்விஸ்ட்
எழுந்து நின்று கட்டைவிரலை உயர்த்தினார்:
ஃபான்டாஸ்டிகோ!

அதுவும் சரியான சொல்தான்.
அதுவும் அவருக்குத் தெரியாது.

டெல்ஃபினா யாரென்று ஒடிலியாவுக்கும் தெரியாது.
பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும்
இரண்டு தடவை பார்த்தாள்.